கறுப்பு பிடிக்காத இடம்

முதலில் கடுகளவுதான். காரின் இடது மட்கார்டில், விளக்குக்குச் சற்று மேலே, ஈரக் கறுப்பு தானாக விலகி ஒரு சின்ன வட்டம் விட்டது. உள்ளே அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்தது. பக்கிரிசாமி பெயிண்ட் துப்பாக்கியைத் தாழ்த்திக் குனிந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று திறந்தது.

"பாய், காத்துல எண்ணெய் வருது."

பட்டறை முதலாளி சனாவுல்லா தேநீர் கிளாசோடு எட்டிப் பார்த்தார். "தலையில தடவிக்கிட்டு வந்தியாக்கும்?"

"எந்தத் தலையில பாய்? ரெண்டு மாசமாக் காய்ஞ்சு கெடக்கு."

பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மனசுல வச்சுக்காத லா. வாய் தவறி வந்திருச்சு."

பெயிண்ட் அடிக்கிற நாளில் யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இருந்த அந்தப் பட்டறையின் சட்டம் அது. காற்றோடு துளி எண்ணெய் கலந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் நிற்காமல் ஒதுங்கிவிடும். பக்கிரிசாமிக்கு இப்போது அந்தச் சட்டம் தேவைப்படவில்லை. வீட்டில் எண்ணெய் காய்ச்ச ஆள் இல்லை. இரண்டு மாதம் முன்பு கிள்ளான் ரோட்டில் கூடையோடு நடந்து வந்த அவன் மனைவி இராஜம்மாவை ஒரு கார் அடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்தக் கார் என்று போலீசும் கண்டுபிடிக்கவில்லை. அன்றிலிருந்து பட்டறைக்குள் எந்த வண்டி வந்தாலும் அதன் முன்பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்ப்பான். நெளிவு இருக்கிறதா, ஒட்டுப்போட்ட தகடு இருக்கிறதா என்று தேடுவான். அவனுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

இந்தக் காரையும் தடவிப் பார்த்திருந்தான். கிள்ளானிலிருந்து வந்த பச்சைக் கார். அதன் முதலாளியான சீனத் தவுக்கேக்குக் கறுப்பு வேண்டுமாம். மட்கார்டு உரித்த முட்டைபோல வழவழவென்று இருந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்ணே?" வாசல் பெஞ்சிலிருந்து டிரைவர் பாலன் குரல் கொடுத்தான். "தவுக்கே சத்தம் போடுவாரு."

"பொண்ணு பாக்கப் போறவன்கூட இப்படிப் பறக்க மாட்டான்," என்றார் பாய். "பக்கிரி, வடிகட்டியை மாத்திட்டு அடி. நான் தொழுதுட்டு வந்துர்றேன்."

காற்றை அழுத்தும் இயந்திரத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவே, சுவரில் ஒரு தகர உருளை தொங்கியது. அதுதான் வடிகட்டி. அதற்குள் கம்பளித் துணியும் சிரட்டைக்கரியும் அடுக்கடுக்காக இருக்கும். இயந்திரத்தின் எண்ணெய் புகைபோலக் காற்றில் ஏறி வரும்போது கம்பளி அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கழற்றுகிறபோதெல்லாம் அது கன்னங்கரேலென்று, கருகிய நாற்றத்தோடு வரும்.

இன்று கறுப்பாக இல்லை. கம்பளி ஊறிப்போய், மஞ்சளாக, தெளிந்த எண்ணெய் அவன் மணிக்கட்டில் வழிந்தது. தேங்காய் எண்ணெய். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சியது. கொஞ்சம் கருகல். எப்போதும் அடுப்பிலிருந்து இறக்க இராஜம்மா கொஞ்சம் தாமதிப்பாள்.

அவன் மணிக்கட்டை முகர்ந்து பார்த்தான். பிறகு பழைய கம்பளியை மூலையில் எறிந்து, புதுத் துணியும் புதுக் கரியும் திணித்து மூடினான். துப்பாக்கி முனையில் வெள்ளைத் துணியைப் பிடித்துக் காற்றை மட்டும் விட்டுப் பார்த்தான். துணி சுத்தமாக இருந்தது. மட்கார்டைப் பெட்ரோலால் துடைத்து மறுபடி அடிக்கத் தொடங்கினான்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் இயந்திரத்தைச் சுற்றும் வார்ப்பட்டையின் ஓசை அமுங்கி, பட்டப்பகலிலேயே பட்டறைக்குள் இருட்டு இறங்கி, பெயிண்ட் நெடியின் அடியிலிருந்து அந்த வெந்தய வாசனை மெல்ல மெல்ல மேலே வந்தது.

இப்போது வட்டங்கள் இல்லை. கோடுகள். விளக்கருகே ஓர் இடத்திலிருந்து கறுப்பு மெல்லிய இழை இழையாக விலகிக்கொண்டே போயிற்று, யாரோ சீப்பால் வாருவதுபோல. இழைகள் மட்கார்டைத் தாண்டி காரின் முன்மூடியின்மேல் படர்ந்தன. நடுவில் நேரான வகிடு.

பக்கிரிசாமி இயந்திரத்தை நிறுத்தினான். வார் சுற்றி ஓய்ந்தது. காற்றுத் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டான். சீறல் அடங்கியது. இனிக் காற்றே கிடையாது.

துப்பாக்கி மூச்சுவிட்டது.

வெதுவெதுப்பாக. அவன் விரல்களின்மேல். விட்டு, நிறுத்தி, மறுபடி விட்டது. வெள்ளைத் துணியைப் பிடித்தான். நனைந்தது. எண்ணெய்.

"முடிஞ்சுதாண்ணே?"

பாலன் உள்ளே வந்திருந்தான். மட்கார்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"கழுவிட்டேனே," என்றான்.

"எதை?"

"ஆத்துல எறக்கி, மணல் போட்டுத் தேய்ச்சேனே. ஒரு முடி இல்லாம எடுத்தேனே..."

முடியைப் பற்றிப் பக்கிரிசாமி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. துப்பாக்கி கையிலிருந்து நழுவியது. இந்தக் கார். இவன். தெரிந்தால் என்னென்ன செய்யவேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்து வைத்திருந்தான். இப்போது ஓரடி முன்னால் வைத்தான்.

பாலன் வண்டிக்குள் பாய்ந்தான். கார் உறுமிப் பின்னோக்கி மழைக்குள் போயிற்று. தரையில் கிடந்த துப்பாக்கியின் மூச்சு சட்டென்று அடங்கியது. வாசனையும் இல்லை. பட்டறையை விட்டு எதுவோ கிளம்பிப் போயிருந்தது.

தெருவில் கார் திரும்புவதற்காக நின்றபோது முன்கண்ணாடி அவனுக்கு நேராக இருந்தது.

பின்சீட்டில் ஆள்.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தன் கூந்தலைக் கைக்கொள்ளும் அளவு அள்ளி, முன்னால் இருப்பவனின் முகத்தின்மேல் போட்டாள். மறுபடி அள்ளினாள். போட்டாள். பொறுமையாக. நெற்றி மறைந்தது. கண் மறைந்தது.

"இராஜம்மா," என்றான் பக்கிரிசாமி. அவள் திரும்பவில்லை.

பாலனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. கார் தடுமாறாமல் திரும்பி, கிள்ளான் ரோட்டுப் பக்கம் மெதுவாக நகர்ந்தது. முகம் இருந்த இடத்தில் ஈர முடி மட்டும். வாய்க்கு நேராக அது குழிந்தது. எழும்பியது.

குழிந்தது.

எழும்பியது.