டபிதாவின் முதுகில் ஒரு பெயர்

பூங்காவில் ஓட வந்த எல்லோருடைய முதுகிலும் ஓர் இளஞ்சிவப்புத் தாள் குத்தியிருந்தது. 'அம்மாவுக்காக', 'ஆல்பர்ட் மாமாவுக்காக' என்று ஆளுக்கொரு பெயர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் ஓட்டம் அது. நோயில் விழுந்தவர்கள், நோயால் இறந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டு ஓடுவது அந்த ஊர் வழக்கம்.

டபிதாவின் தாள் மட்டும் காலியாக இருந்தது. அவள் வீட்டில் எல்லோரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். யார் பெயரை எழுதுவது? அம்மாவிடம் கேட்டாள். யார் நினைப்பு வருகிறதோ அவர் பெயரை எழுது என்று சொல்லிவிட்டு, அம்மா ஷூ நாடாவைக் கட்டக் குனிந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ரொவீனாவின் நினைப்புதான் வந்தது. அவர் புற்றுநோயை ஆராயும் விஞ்ஞானி. ஆராய்ச்சிக்குக் கேட்ட பண உதவி இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை, திங்கட்கிழமையோடு ஆராய்ச்சியையே விட்டுவிடப் போகிறேன் என்று நேற்று அவர் அம்மாவிடம் சொன்னது டபிதாவின் காதில் விழுந்திருந்தது. அதிலிருந்து அவளுக்கு மனசே சரியில்லை.

'ரொவீனாவுக்காக' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு ஓடினாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் விசித்திரம். கடந்து போனவர்கள் அவள் தலையைத் தடவினார்கள். ஒரு பெண்மணி மிட்டாய் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டபிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

'ஈடித்துக்காக' என்று தன் மனைவி பெயரை எழுதிக்கொண்டு ஓடிய ஆக்டன் தாத்தா மூச்சு வாங்கப் பக்கத்தில் வந்தார்.

"ரொவீனா எப்படி இருக்காங்க கண்ணு?"

"ரொம்ப சோர்ந்துட்டாங்க தாத்தா. திங்கட்கிழமையோட எல்லாம் முடிஞ்சிருமாம். அதோ, தண்ணி குடுக்கறாங்களே, அவங்கதான்."

தாத்தா ஓட்டத்தை விட்டுவிட்டு நேரே ரொவீனாவிடம் போனார்.

டபிதா அடுத்த சுற்று வந்தபோது ரொவீனா ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். மேலே போர்வை, மடியில் கேக். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். அவர் திருதிருவென்று விழித்தார்.

"டபிதா, எனக்கு என்ன ஆச்சு? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"தைரியமா இருங்கம்மா," என்றார் ஆக்டன் தாத்தா. "என் ஈடித்தும் இப்படித்தான். நோயை வெளியில காட்டிக்கவே மாட்டா."

"எனக்கு நோயே இல்லைங்களே."

எல்லோரும் டபிதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் தக்காளியாகச் சிவந்தது. ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் ரொவீனாவை அந்தப் போர்வைக்குள் எப்படி விட்டுவிட்டு ஓடுவது?

"அவங்களுக்கு நோய் இல்ல. நோய்க்கு மருந்து தேடறாங்க. உதவி கிடைக்கலேன்னு நிறுத்தப் போறாங்க. நிறுத்தக் கூடாதுன்னுதான் எழுதினேன். தப்பா?"

ஆக்டன் தாத்தா மெதுவாக முதுகைத் திருப்பிக் குனிந்தார்.

"ஈடித்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கும். அவங்க பேரையும் எழுது கண்ணு."

டபிதா எழுதினாள். அவருக்குப் பின்னால் இன்னொரு முதுகு வந்து குனிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. வரிசை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அந்த ஊர்க்காரர்களால் நிற்காமல் இருக்க முடியாது.

ரொவீனா போர்வை நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன்," என்றார்.

"கேளுங்க," என்றார் ஆக்டன் தாத்தா, குனிந்தபடியே. "இல்லேன்னு சொன்னாங்கன்னா எங்ககிட்ட சொல்லுங்க. இதே வரிசையை அவங்க வாசல்ல வந்து நிக்கச் சொல்றேன்."