போட்டு வாங்கோ

வத்தளையிலிருந்து பஸ் பிடித்து வெள்ளவத்தையில் இறங்கி, அக்காவின் ஃப்ளாட் படிகளில் ஏறினேன். யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். புஷ்பராஜ் அத்தானின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஒரு கிழமை. அருந்ததி அக்கா இன்னும் அழவில்லை. கல்லுப்போல இருக்கிறாள் என்று சொந்தக்காரர் கதைத்தார்கள். எனக்கு அவர்கள் மேல்தான் ஆத்திரம்.

அத்தானுக்கு ஒரு விசர் இருந்தது. போனில் ஒரு ஆப்பைப் போட்டுவிட்டு நடப்பார். நடந்த பாதை வரைபடத்தில் செம்மஞ்சள் கோடாக விழும். தெருத்தெருவாகத் திரும்பி நடந்தே மீன் வரைந்தார், யானை வரைந்தார், ஒருமுறை ஒரு மலையை வரைந்து, இது உன் மூக்கு என்று என்னிடம் காட்டினார். கடைசியாகக் கொட்டாஞ்சேனையில் ஒரு பாய்க்கப்பல். பாய் மட்டும் மிச்சம். ஆப்பை நிறுத்திவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனவர், கடை மேசையிலேயே சாய்ந்துவிட்டார்.

அத்தானின் சவப்பெட்டியைத் தூக்கும்போது அக்கா வாசலில் நின்று, தினமும் வேலைக்கு அனுப்புகிற அதே குரலில், "போட்டு வாங்கோ" என்றாள். போய்விட்டுத் திரும்பி வரச் சொல்லும் அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் சொல்வதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கூட ஒன்றும் சொல்லாமல்தான் எழும்பிப் போவார். அன்றைக்கு எல்லோரும் கேட்டோம்.

"கப்பலை முடிப்பம், வா," என்றாள் அக்கா இப்போது.

ஏதோ ஒன்றைக் கேட்டாளே என்று சந்தோஷமாகப் போனேன். முடித்ததும் அழுவாள், அழுதால் எழும்பிவிடுவாள் என்று நம்பினேன். பின்னேர வெயிலில் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகள் கருவாடும் தாருமாக மணத்தன. அத்தானின் போனைப் பிடித்தபடி அக்கா முன்னே நடந்தாள். கோயில் மணியும் ஓட்டோக்களின் ஹோர்னும் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பாய் முடிந்ததும் நிறுத்தும் பட்டனை அழுத்தினாள்.

அழவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றும்போது, மேசையில் கிடந்த போனைப் பார்த்தேன்.

கப்பலிலிருந்து ஒரு கோடு கிளம்பியிருந்தது.

"அக்கா, நிப்பாட்டினனீங்கள்தானே?"

"ஓம்."

கோடு நீண்டுகொண்டிருந்தது; நாங்கள் வந்த பஸ்ஸின் வேகம் இல்லை. ஆள் நடக்கிற வேகம். புறக்கோட்டையைத் தாண்டியது. காலிமுகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அத்தான் அங்கே இறால் வடை வாங்காமல் வந்ததில்லை. அக்கா கோட்டைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். வெளியே இருட்டிவிட்டது.

கொள்ளுப்பிட்டி.

பம்பலப்பிட்டி.

வெள்ளவத்தையில் அக்காவின் ஒழுங்கை.

படிகளில் சத்தம் இல்லை. மணம்தான் முதலில் வந்தது. கருவாடு, தார், வியர்வையில் நனைந்த சேர்ட்.

"அக்கா, 'போங்கோ' எண்டு சொல்லுங்கோ," என்று கிசுகிசுத்தேன். "ஒருக்காச் சொன்னாக் காணும்."

எங்கள் வீட்டில் வாசலில் நின்று யாரும் யாருக்கும் சொல்லாத சொல் அது. எனக்கே நாக்கு எழவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். வெளியே ஒருவரும் இல்லை. அவள் ஒதுங்கி வழி விட்டாள்.

"வந்திட்டீங்களே," என்றாள். முகத்தில் பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மூன்றாவது கோப்பையை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது. "என்னோடை வத்தளைக்கு வாங்கோ அக்கா. இப்பவே."

"அவர் போட்டு வரேக்கை வீட்டில ஆள் வேணுமெல்லே?"

அக்காவை இழந்துவிட்டேன் என்று அப்போது விளங்கியது. பையை எடுத்தேன். 'போட்டு வாறன்' என்று சொன்னால் திரும்பி வரவேண்டும். செத்தவீட்டிலிருந்து எழும்புவதுபோல ஒன்றும் சொல்லாமல் இறங்கினேன்.

பாதிப் படியில் பின்னால் கேட்டது.

"போட்டு வா, ஆரணி."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் அக்கா மட்டும்தான் நின்றாள்.

கேட்ட குரல் இரண்டு.