நாலாவது லைன்

மைக்கே மாட்டாத நாலாவது லைனில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

பெருமாள்ராஜ் ஹெட்போனைக் காதோடு அழுத்தினான். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சீவலப்பேரிப் படித்துறையில் மைக்குகளின் சத்தத்தைக் கலந்துகொடுக்கிற மிக்சர் பெட்டி, ஆற்று நடுவே மணல்திட்டில் கச்சேரி மேடை. இடையில் இடுப்பளவுத் தண்ணீருக்கடியில், கம்ப்யூட்டர் கடையில் வாங்கிய நெட்வொர்க் கேபிள் கிடந்தது. இரண்டிரண்டாக முறுக்கிய எட்டு இழை. ஒரே கேபிளில் நாலு லைன். கனத்த மைக் வயர்களைச் சுமக்கிற பாடு ஒழிந்ததென்று அவனுக்கு ஏகப் பெருமை. முனைகளில் இரும்புக்கூடு போட்ட கனெக்டர்; பூட்டை அமுக்காமல் கழலாது.

திட்டில் நின்ற பூதத்தான் அவன் மனைவியின் தம்பி. நீச்சல் தெரியாது. "கேபிளை இடுப்புல கட்டிக்கிட்டுப் போலே. விழுந்தா நான் இழுத்துருதேன்" என்று இவன்தான் தைரியம் சொல்லி அனுப்பினான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்கா அத்தான்?"

முதல் லைன் சுத்தமாக வந்தது. அடுத்த இரண்டும் அப்படியே. நாலாவதைத்தான் சும்மா சத்தம் ஏற்றிப் பார்த்தான். கூழாங்கல் உருளும் சத்தம், சேற்றுக்குள்ளிருந்து வருவதுபோல நீண்ட மூச்சு, அதன்மேல் பைய ஒரு குரல்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

பூதத்தானின் குரல். பூதத்தானோ மைக்கை விட்டுத் தள்ளி, பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

இந்த வயரே வேண்டாம். கழற்றச் சொல்லிப் பெருமாள்ராஜ் கையை ஆட்டினான். பூதத்தான் பீடியை எறிந்துவிட்டுக் குனிந்தான்.

மைக்செட் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அந்த முனைக்காரன் கழற்றிவிட்டு 'விட்டாச்சு' என்று குரல் கொடுத்த பிறகே இந்த முனைக்காரன் இழுப்பான். குரல் வந்துவிட்டால் யோசிக்கமாட்டான்.

"விட்டாச்சு அத்தான். இழும்."

இழுத்தான்.

"ஐயோ! இடுப்புல கட்டுனத இன்னும் அவுக்கல அத்தான்!"

இது ஆற்றுக்கு மேலாக வந்தது. முன்னது ஹெட்போனுக்குள். அப்போதுதான் உறைத்தது.

பூதத்தான் திட்டின் விளிம்பில் சறுக்கித் தண்ணீரில் விழுந்தான். சொன்னபடி காப்பாற்ற, பெருமாள்ராஜ் உயிரைக் கொடுத்து இழுத்தான். வரவில்லை. கேபிள் எதிர்ப்பக்கம் போயிற்று. நடு ஆற்றுக்கு. உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு.

இடுப்பளவுத் தண்ணீர்தான். தலை தெரியவில்லை.

"பூதத்தா! ஏலே!"

கேபிள் தீர்ந்தது. கனெக்டர் விடவில்லை. மிக்சர் மேசையிலிருந்து விழுந்தது. ஹெட்போன் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. கரண்ட் வயரும் அறுந்தது.

மிக்சர் ஒரு படி உருண்டது. அடுத்த படி. தண்ணீர்.

கரண்டே இல்லாத மிக்சரில், நீருக்கடியில், நாலாவது லைனின் பச்சை விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.