ஜார் மூக்கில் கீறல்

"ஐயோ... தொரெய்!"

பங்களாச் சமையல்காரர் வீரய்யா போட்ட அலறலில் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமே திரும்பிப் பார்த்தது.

தோட்டத்து மேனேஜர் ஹார்வி துரை மேசைமேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்; உயிர் இல்லை. தரையில், கணப்படுப்பைக் கிளறும் இரும்புக் கம்பி. எதிரே அவருடைய ரஷ்ய மெடல் பெட்டி.

மனிதருக்கு அதில் பைத்தியம். ஜார் மன்னர்கள் போரில் யாரை அடித்தாலும் ஞாபகார்த்தமாக ஒரு மெடல் அடிப்பார்கள். துரை அதைத் தேடி வாங்குவார். ஜார்களே ஒழிந்துபோன 1953-லும்!

இன்ஸ்பெக்டர் பத்திநாதன் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன காணோம்?"

கொழும்பிலிருந்து வந்து தங்கியிருந்த கோமஸ் முந்திக்கொண்டார். அவரும் மெடல் சேகரிப்பவர்.

"வெள்ளி மெடல் இருக்கு. அதே அச்சுல அடிச்ச வெள்ளீயத் தகடு ரெண்டு. ஜார் தலை உள்ள முகப்பு ஒன்னு, முதுகு ஒன்னு. முகப்பைக் காணோம்! இந்தச் சமையல்காரன்தான் திருடியிருப்பான். துரை பிடிச்சிருப்பார். அடிச்சிட்டான்."

வீரய்யாவுக்குத் தூக்குக் கயிறு கண்ணில் தெரிந்தது.

"தகடு எங்கய்யா?"

"மாரியம்மன் கோயில்லங்க!"

"என்னது?"

"தொரெய்க்கு மூனு மாசமா தலவலிங்க. தலயில நோவுன்னா தல உருவம் போட்ட தகட்ட அம்மனுக்குக் கட்டுவோம்னு சொன்னேன். 'தலதானே, இந்தா'ன்னு அவரே போன வெள்ளிக்கெழம எடுத்துக் குடுத்தாருங்க."

"ரஷ்ய ராசாவையா?"

"தலதானுங்களே..."

கோமஸ் சிரித்தார். "கேட்டீங்களா கதையை! விலங்கை மாட்டுங்க."

வாசலில் வீரய்யாவின் மனைவி பூரணி தலையிலடித்துக்கொண்டாள். "ஒரு கரண்டி சீனி எடுக்காத மனுசனுங்க!"

கான்ஸ்டபிள் கோயிலுக்கு ஓடினார். கால் மணி நேரத்தில் தகடு வந்தது. மஞ்சள் கயிறு. குங்குமம். நடுவில் ஜார். மூக்கின் குறுக்கே ஒரு கீறல்.

"இது என்ன?"

"நான் செஞ்ச பாவங்க. போன வருசம் சாம்பலப் போட்டுத் தேங்கா நாருல தேச்சுப்புட்டேன். தொரெ ரெண்டு நாளு எங்கூடப் பேசல."

பத்திநாதன் வெள்ளி மெடலை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார்.

ஜார் மூக்கின் குறுக்கே... கீறல்!

"மெடலையும் தேச்சியா?"

"அதத் தொடவே விடமாட்டாருங்க!"

"அப்போ இது அசல் இல்ல. தகட்டை வச்சு வார்த்தது. கீறலையும் சேர்த்து வார்த்துட்டாங்க. தகடு எப்பவாச்சும் வெளிய போச்சா?"

"ரெண்டு மாசத்துக்கு முந்தி இந்த கோமஸ் ஐயாதான் ரெண்டையும் கொழும்புக்குக் கொண்டுபோயி, திருப்பிக் கொண்டாந்தாரு. நான்தான் தேயிலப் பெட்டி ஈயத்தாள்ல சுத்திக் குடுத்தேன்."

கோமஸின் சிரிப்பு நின்றது.

"போலியை மாத்தி வச்சீங்க. துரை கீறலைக் கண்டுட்டார். கம்பியை எடுத்தீங்க. சரியா?"

"ஆ... ஆதாரம்?"

கோமஸின் பயணப் பெட்டியைத் திறந்தார்கள். சவரச் சோப்பு டப்பாவுக்குள், பழுதில்லாத மூக்கோடு அசல் ஜார் படுத்திருந்தார்!

வீரய்யா பூரணியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். தப்பித்ததற்குப் பாதி. துரைக்குப் பாதி.

விலங்கோடு ஜீப்பில் ஏறிய கோமஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தலை வெடிக்குது..."

பத்திநாதன் திரும்பினார். "என்ன வீரய்யா, இவருக்கும் அம்மன்கிட்ட ஒரு தகடு கட்டலாமா?"

வீரய்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோமஸை மேலும் கீழும் பார்த்தார்.

"கட்டலாங்க. ஆனா தல வேணாம்... கழுத்து உருவமாப் பாத்து வாங்கச் சொல்லுங்க!"