மஞ்சளை ஏற்றிய பிறகு

நீல ஸ்லைடரை இடது பக்கம் இழுத்தால் வானம் கறுக்கும். மேகம் வெள்ளையாகவே நிற்கும். கணினியில் கலர்ப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும் எவனுக்கும் முதல் நாளே பிடிபட்டுவிடுகிற வித்தை இது. நைஜல் இழுத்தான். வானம் கறுத்தது. மேகங்கள் சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல ஒவ்வொன்றாகத் துருத்திக்கொண்டு வெளியே வந்தன. நடு மேகத்தில் ஒரு பகுதி மட்டும் வானத்தோடு சேர்ந்து கறுத்தது.

மழை மேகத்தின் நிழலில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சரியான விளக்கம்தான். அந்த நிழலுக்குத் தோள் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

தோள், அதற்குக் கீழே அகலமான முதுகு, மேலே குனிந்த பின்னங்கழுத்து. யாரோ மேகத்துக்குள் உட்கார்ந்து, இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, கடலில் எதையோ தேடிக்கொண்டிருப்பதுபோல. கலருக்கு மாற்றிப் பார்த்தான். வெறும் மேகம். மறுபடி கறுப்பு வெள்ளை. முதுகு.

படம் போன சனிக்கிழமை கிள்ளானைத் தாண்டி, கடலோரச் சேற்றை ஒட்டிய மண்கரையில் எடுத்தது, கல்லூரிப் புகைப்பட மன்றத்தின் கண்காட்சிக்காக. மன்றத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: குப்பைத்தொட்டியைக் கலரில் எடுத்தால் அது நகராண்மைக் கழகத்துக்குப் போகவேண்டிய புகார், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கலை. பின்னால் மேகமும் இருந்துவிட்டால் பரிசு. வானம் எவ்வளவு பெரியது என்று காட்ட அதன் கீழே சின்னதாக ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது இரண்டாவது நம்பிக்கை. அந்தச் சின்ன ஆளாக, ஒரு கிண்ணம் செண்டோல் ஐஸ் கூலி பேசி, தங்கை பெர்னிஸை மஞ்சள் மழைக்கோட்டு மாட்டி நிறுத்தியிருந்தான்.

அவளே இப்போது அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க?"

"இதோ, இந்தப் புள்ளி."

"சேத்துல அவ்வளவு நேரம் நிக்க வெச்சு கடைசியில கொசு மாதிரி ஆக்கிட்டியே. கொசுவாச்சும் நல்லா தெரியும் லா."

"மேகத்துல உனக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"மேகம் தெரியுது." அவள் ஜன்னலைப் பார்த்தாள். பதினோராவது மாடி ஜன்னலுக்கு வெளியே பிரிக்பீல்ட்ஸின் வழக்கமான மாலை மழை கூடிக்கொண்டிருந்தது. "அம்மா அப்பா வர நேரமாகும். கீழ போயி வடை வாங்கிட்டு வரேன். குடை எங்க?"

"கொமுட்டர் ரயில்ல விட்டுட்டேன்."

"பெருமையா சொல்லு. அப்ப அந்த மஞ்சக் கோட்டுதான் எனக்கு."

கதவு சாத்தும் சத்தம். லிஃப்ட் மணி. பிறகு கீழே சேலைக் கடை ஒலிபெருக்கியும், மோனோரயில் வளைவில் திரும்பும்போது எழுப்பும் முனகலும், கோயில் மணியும் ஒன்றாகக் கலந்து மேலே வந்தன. அறையில் லேசாகச் சேற்று வாசனை அடித்தது. சனிக்கிழமைச் செருப்பைக் கழுவவில்லையோ என்று குனிந்து பார்த்தான். செருப்பு வெளியே இருந்தது.

படத்தை மன்றத் தலைவர் திமோத்திக்கு அனுப்பினான். உடனே அழைப்பு வந்தது. திமோத்தி தன் படங்களின் மூலையில் மட்டுமல்ல, தன் ஒவ்வொரு வாக்கியத்தின் மூலையிலும் பெயரை அச்சடித்ததுபோல் பேசுகிறவர்.

"வானம் பயங்கரம்டா தம்பி. ஆனா அந்தப் பொண்ணு தொலைஞ்சு போச்சு லா. மஞ்சளைத் தூக்கு. பாக்கிறவன் கண்ணு மொதல்ல எங்க போகணுமோ அங்கதான் வெளிச்சம் இருக்கணும்."

"அண்ணே, மேகத்துல முதுகு மாதிரி ஒண்ணு..."

"அசைன்மென்ட் முடிக்காதவனுக்கு மேகத்துல லெக்சரரே தெரிவாரு. மஞ்சளைத் தூக்கு."

நைஜல் மஞ்சள் ஸ்லைடரை வலது பக்கம் தள்ளினான். சாம்பலாகக் கிடந்த புள்ளி திரி பற்றியதுபோல எரிந்தது. கறுத்த வானம், கறுத்த சேறு, இரண்டுக்கும் நடுவில் வெள்ளை வெளேரென்று பெர்னிஸ். கண் வேறெங்கும் போகாது. திமோத்தி சொன்னது சரிதான். ஒரு கணம் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு மேகத்தைப் பார்த்தான்.

முதுகு இல்லை. பக்கவாட்டுத் தோள் ஒன்று இருந்தது. கழுத்து பாதி திரும்பியிருந்தது.

வேறு படத்தைத் திறந்துவிட்டோம் என்று நினைத்தான். அதே படம்தான். செய்த மாற்றத்தை நீக்கினான். மஞ்சள் இறங்கியது, பெர்னிஸ் மங்கினாள், தோள் மட்டும் பழையபடி முதுகாகவில்லை. மறுபடி ஏற்றிப் பார்த்தான். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு படத்தில் செய்ததை மொத்த வரிசைக்கும் ஒட்டிவிடுவது கைப்பழக்கம். விரல் அதைத் தானாகச் செய்தது. அன்று எடுத்த படங்கள் அத்தனையும் ஒரே நொடியில் கறுத்தன. அத்தனையிலும் பெர்னிஸ் எரிந்தாள்.

அடுத்த படத்தில் அது முழுதாகத் திரும்பியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மேகம் உள்ளே குழிந்திருந்தது.

அதற்கடுத்ததில் எழுந்து நின்றது.

அதற்கும் அடுத்ததில் குனிந்திருந்தது. மிக நீளமான ஒன்று, கை என்று சொல்ல அவன் விரும்பாத ஒன்று, மேகத்தைவிட்டு இறங்கி, மண்கரையின் மேல் நின்ற அந்த வெள்ளைப் புள்ளியின் தலைக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தான். பெர்னிஸ் கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தாள்.

சத்தம் நின்றிருப்பதை அப்போதுதான் உணர்ந்தான். ஒலிபெருக்கி இல்லை. மோனோரயில் இல்லை. இடி வரவேண்டிய வானத்தில் இடிகூட இல்லை. அறை முழுக்க அலை வற்றிய சேற்றின் வாசனை.

ஜன்னலுக்கு ஓடினான்.

கீழே தெரு சாம்பலாக இருந்தது. மழை இருட்டில் எல்லாம் மங்கும், தெரியும். ஆனால் கடை வாசல்களில் தொங்கிய சேலைகள், குங்குமமும் கிளிப்பச்சையும் மயில் நீலமுமாக ஒன்றையொன்று அதட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சேலைகள், எல்லாமே சாம்பல். பழக்கடை சாம்பல். சிக்னலின் சிவப்பு விளக்கு சாம்பல். அந்தச் சாம்பலின் நடுவே பளீரென்று வெள்ளையாக ஒரு மழைக்கோட்டு வடைக் கடையை நோக்கி ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தது. மேகம் கட்டடங்களின் உச்சிக்கு இறங்கியிருந்தது. அதன் அடிப்பகுதியில் ஏதோ மெதுவாக நீண்டது.

போனை எடுத்தான்.

"பெர்னிஸ். கோட்டைக் கழட்டு."

"தூறுதுண்ணே."

"கழட்டு! தூக்கிப் போடு!"

"லூசா நீ? உள்ள கிழிஞ்ச பைஜாமா. இந்த லிட்டல் இந்தியா தெரு பூரா பாக்கணுமா?"

"நான் சொல்றதக் கேளு, மேல பாக்காத, கோட்ட மட்டும்..."

"வடைக்கு சட்னி வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லு." காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

லிஃப்டுக்கு நேரமில்லை. படிக்கு நேரமே இல்லை. திரும்பி மேசையில் விழுந்தான். எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்தான். மஞ்சள் ஸ்லைடர் நழுவியது. பிடித்தான். இடது பக்கம் இழுத்தான். கடைசி வரை.

பெர்னிஸ் மங்கினாள். சாம்பலானாள். கறுத்தாள். மண்கரையோடு மண்கரையானாள். ஒவ்வொரு படமாகத் தட்டினான். கறுப்பு. கறுப்பு. எதிலும் அவள் இல்லை. மேலே குனிந்திருந்த அது பிடிமானம் தவறியதுபோல நின்றது. குழி விழுந்த முகம் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம்.

அறை விளக்கு அணைந்தது. மின்விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

போன் அடித்தது.

"அண்ணே, ரோட்டுல கரண்டு போச்சு. எல்லாக் கடையும் இருட்டு. நான் கடை வாசல்ல ஒதுங்கி நிக்கிறேன்."

அவள் குரல். அதே சலிப்பு. நைஜல் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"அங்கயே நில்லு. இருட்டுலயே நில்லு. போன் லைட்டப் போடாத."

"சரி லா, ஏன் அழுவுற? நம்ம பிளாக்கும் மொத்தமா இருட்டாயிருச்சு. உன் ஜன்னல் மட்டும்தான் தெரியுது. லேப்டாப்ப பேட்டரியில ஓட்டுறியா?"

அவன் சுற்றிலும் பார்த்தான்.

அறையில் திரை மட்டும் எரிந்தது. அதற்கு நேர் எதிரே அவன் முகம்.

திரையில் தேடிக்கொண்டிருந்த அது தேடுவதை நிறுத்தியிருந்தது.

"அண்ணே." பெர்னிஸின் குரலில் இப்போது சலிப்பு இல்லை. "ஜன்னலுக்கு வெளிய என்னது அது?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. லேப்டாப்பை அடித்து மூடினான்.

இருட்டவில்லை.

மூடியின் மேல் அவன் கைகள் எரிந்தன. நிறமே இல்லாமல். வெள்ளை வெளேரென்று. மணிக்கட்டு. முழங்கை. தோள். உடம்பிலிருந்து கிளம்பிய வெளிச்சம் சுவரில் விழுந்தது, கட்டிலில் விழுந்தது, அறையில் ஒளிந்துகொள்ள இருந்த ஒவ்வொரு மூலையிலும் விழுந்தது. போனில் பெர்னிஸ் அவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பின்னால் பதினோராவது மாடி ஜன்னல் கண்ணாடி, வெளிப்பக்கமாக, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் மங்கியது.

தெளிந்தது.

மறுபடி மங்கியது.