பின்வாசல் வழியாக வருகிறவர்

பேருந்திலிருந்து இறங்கும்போதே மழை தூறிக்கொண்டிருந்தது. மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி அவள் தெருவுக்குள் நடந்தாள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய, ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பாதி பூட்டிக் கிடந்தன. தெருக்கோடியில், என்றோ மூடிப்போன சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் துருப்பிடித்து நின்றது.

அப்பா போன பிறகு இதுதான் முதல் வரவு. அம்மாவைக் கையோடு கூட்டிப்போய்விட வேண்டும்.

"நான் எங்கேயும் வரலை," என்றாள் அம்மா, பெட்டியை வாங்கி வைக்கும்போதே. "பூமிக்கடியில வேலை பார்த்தவரோட பொண்டாட்டி நான். உன் மாடி வீட்டு உயரம் எனக்கு ஒத்துக்காது."

அவள் முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். குழாய்ப் பக்கத்துத் திட்டில் புது சிவப்பு சோப்பு, நகம் தேய்க்கிற பிரஷ், கொடியில் மடிப்புக் கலையாத துண்டு. வேலை முடிந்து வந்ததும் அப்பா குளிக்கிற இடம்.

"இன்னும் இதெல்லாம் எதுக்கும்மா?"

"இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கு இடத்தையா அடைக்குது?"

அப்பா எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஒருமுறை உள்ளே கூரை இடிந்து விழுந்தபோது, கூட வேலை செய்த இருவரை இழுத்துக்கொண்டு ஊர்ந்தே வெளியே வந்தவர். அன்றும் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "அந்தக் குழிக்கு என் மேல ஒரு கண்ணு. ஆனா உன்கிட்ட அதோட பாச்சா பலிக்குமா?" ஓய்வு பெற்ற பிறகு பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இதே தெருவில் குதிரை ஓடினார். கடைசியில், நெஞ்சில் படிந்த கரித்தூசியால் இருமி இளைத்து, தன் கட்டிலிலேயே, அம்மாவின் கையைப் பிடித்தபடி கண்மூடினார்.

பிற்பகல். மழை வலுத்தது. வீடு இருண்டது.

சங்கு ஊதியது.

வேலை முடிந்ததற்கான அதே நீண்ட சங்கு. சுரங்கத்தில் மின்சாரமே கிடையாது. சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

ஈரக் கரியின் வாடை கூடத்துக்குள் மெல்லப் பரவியது. வாசற்படியில் கனத்த பூட்ஸ் ஓசை. பிறகு ஓர் இருமல்.

அப்பாவின் இருமல்.

"குட்டிம்மா," என்றது வெளியிலிருந்து. "வாடா. தாத்தா தூக்கிக்கிறேன்."

பாயில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். "தாத்தா!"

அவள் எழுந்து கதவருகே போனாள். பயம் தோன்றவில்லை. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எதையும் கொடுத்திருப்பாள். யோசிக்காமல் தாழ்ப்பாளை விலக்கினாள்.

தலையில் விளக்கு வைத்த தொப்பி. அதே சாய்ந்த தோள்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை கரி. கதவு விளிம்பில் பதிந்த விரல்களிலிருந்து கறுப்பு நீர் வழிந்தது. குழந்தை ஓடிவந்தாள். அது இரு கைகளையும் நீட்டியது.

கரி படிந்த முகத்தில் கண்ணின் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

இந்த முகத்தில் வெள்ளை இல்லை.

"குழந்தையைப் பிடிடி!"

அம்மா. கையில் தரை துடைக்கிற துணியோடு வந்து, இருவருக்கும் முன்னால் நின்றாள். அவள் குரல் நடுங்கவில்லை.

"ஏண்டி, உங்கப்பா என்னைக்காவது கரியோட முன்வாசல்ல வந்திருக்காரா? கரிக் கையால உன்னைத் தொட்டிருக்காரா?"

இல்லை. ஒருநாளும் இல்லை. பின்னால் வந்து, தேய்த்துக் குளித்து, நகத்தைக் காட்டி அம்மாவிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவார்.

அது ஓர் அடி உள்ளே வைத்தது. நிலைப்படியில் கறுப்பு நீர் தேங்கியது.

"அவரு பாதி ஆயுசைத் தின்னுட்ட. நெஞ்சையும் தின்னுட்ட. போதலையா?" அம்மா குனிந்து, அதன் காலடியிலேயே தரையைத் துடைத்தாள். "அந்த மனுஷன் ஒரு பொட்டுக் கரிகூட என் வீட்டுக்குள்ள கொண்டுவந்ததில்லை. நீ யாரு கொண்டுவர? போ வெளியே!"

அது அசையவில்லை. நீட்டிய கை அம்மாவின் தலைக்கு மேலே நீண்டு, குழந்தையை நோக்கி வந்தது.

அப்போது பின்கட்டில் குழாய் திறந்தது.

தண்ணீர் கொட்டும் ஓசை. சரக், சரக் என்று பிரஷ் தேய்கிற ஓசை. அவசரமே இல்லாமல், நிதானமாக.

வாசலில் நின்ற அது தலையைத் திருப்பிக் கேட்டது. கை மெல்லச் சுருங்கியது. பூட்ஸ் ஓசை ஒவ்வொரு படியாகப் பின்வாங்கி மழைக்குள் போனது.

அம்மா கதவைச் சாத்தினாள். பின்கட்டுக்கு ஓடிப் பார்த்தார்கள். யாருமில்லை. சாக்கடையில் கறுப்புத் தண்ணீர் சுழித்து இறங்கியது. சோப்பில் நுரை. துண்டு ஈரம்.

"தாத்தா கை ஜில்லுனு இருக்கு," என்று குழந்தை சிரித்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், பெரிய உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரம். கொஞ்சம்கூடக் கறுப்பு இல்லை.

மறுநாள் எவ்வளவோ கெஞ்சியும் அம்மா கிளம்பவில்லை. "அது போச்சுன்னு நினைச்சியா? வரும். வரட்டும். நான் வீட்டைப் பூட்டிட்டு ஓடினா, அவரு எங்க வந்து குளிப்பாரு?"

இப்போது தினமும் தொலைபேசியில் பேசுகிறார்கள். பிற்பகலில் மட்டும் அம்மா எடுப்பதில்லை. "தரை துடைக்கிற நேரம்டி அது," என்பாள்.

நேற்று போனை வைக்கப் போகும்போதுதான் நினைவு வந்தவள்போலச் சொன்னாள்:

"அடுத்த தடவை வரும்போது அந்தச் சிவப்பு சோப்பு ஒரு டஜன் வாங்கிட்டு வா. நாலு நாள்கூட நிக்க மாட்டேங்குது."