சாம்ராட்டின் பன்னிரண்டு பெட்டிகள்

பிணம் ஒலித்தது!

இல்லை... பிணத்தின் சட்டைப்பையில் இருந்த செல்போன் ஒலித்தது. திரையில் 'சிஷ்யன் 41' என்று மின்னி, அடங்கியது.

பிற்பகல் மூன்று மணி. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் கடைசி வரிசை. காலிப் பெட்டிக்குள் ரிங்டோன் கேட்டு நுழைந்த பெட்டி எண்களைக் குறிக்கும் டேலி கிளார்க் ஜூடி, அந்த அடுப்புச் சூட்டிலும் விறைத்துப் போனாள்.

தரையில் ராமசுப்பு. கழுத்தில் நைலான் கயிறு.

தொழிலால் க்ளியரிங் ஏஜென்ட். சுய அறிவிப்பால் கிரிப்டோ கரன்சி வகுப்பு நடத்தும் 'கிரிப்டோ சாம்ராட்'. விசிட்டிங் கார்டில் ஏழு பட்டங்கள். எட்டாவதாக 'காலஞ்சென்ற' இப்போதுதான் சேர்ந்திருந்தது.

"கத்தாதே ஜூடி!"

பின்னால் டென்னிஸ். யார்டு மேனேஜர். தன்னை 'ஜி.எம்.' என்று கூப்பிடாதவர்களுக்கு லீவு தராதவர். கையில் கத்தி!

கதவை ஒரு சாண் இடைவெளி விட்டு இழுத்துச் சாத்தினார். அவள் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியைப் பிடுங்கினார்.

"ஆல் ஸ்டேஷன்ஸ்! கடைசி வரிசைக்கு யாரும் வரக்கூடாது. ஜி.எம். இன்ஸ்பெக்ஷன். ஓவர்!"

"சார்... ரெண்டு புள்ளைங்க கீதுங்க சார்... நான் எதையும் பாக்கல..."

"நல்லா பாரு. பார்க்கத்தான் உன்னை உயிரோட விட்டிருக்கேன்!"

ஒரு தாளை நீட்டினார். வரிசையாகப் பன்னிரண்டு கன்டெய்னர் எண்கள். ராமசுப்புவின் கையெழுத்து.

"இவன் கிரிப்டோ வாலட்ல ஒன்பது கோடி இருக்கு. பிரைவேட் கீ, அதான் ரகசிய சாவி, இல்லாம திறக்காது. கீ இந்தத் தாள்லதான் இருக்குன்னான். எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்றதுக்குள்ள..."

"செத்துப் பூட்டாரா?"

"நான் கொஞ்சம் இறுக்கிட்டேன்."

ஏதோ ஸ்க்ரூவைச் சொல்வது போலச் சொன்னார்.

"நம்பர்ல நீ கில்லாடி. கண்டுபிடி. இல்லேன்னா... சாயங்காலம் இந்தப் பெட்டி கப்பல் ஏறுது. உள்ளே ஒருத்தர் போனா என்ன, ரெண்டு பேர் போனா என்ன?"

ஜூடி எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வியர்வை மூக்கின் நுனியிலிருந்து தாளில் சொட்டியது. கத்தியின் நுனி விலாவைத் தொட்டது.

"சார்... இதெல்லாம் டுபாகூர் நம்பரு!"

"என்ன உளர்றே?"

"பெட்டி நம்பர்ல கடைசி எண்ணு சும்மா வராது சார். முன்னாடி கீறதையெல்லாம் கணக்குப் போட்டா அதான் வரணும். இதுல ஒண்ணுகூட டாலி ஆவல. இந்த மாதிரி பெட்டியே கெடையாது!"

"அப்போ சாவியும் கிடையாதா?" கத்தி கொஞ்சம் அழுந்தியது.

"இருங்க சார்... ஐயோ, இருங்க! எழுத்தை வுடுங்க. கடைசி எண்ணை வுடுங்க. நடுவுல ஆறு கீது. அதுல மொத ரெண்டைப் பாருங்க... ஜீரோ ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்... கலைச்சுப் போட்டுக்கீறாரு."

"அது வரிசை! மிச்ச நாலு?"

"எதுவுமே ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டைத் தாண்டல சார்."

டென்னிஸின் கண்கள் ஜொலித்தன. சாம்ராட்டின் வகுப்புகளுக்குச் சாப்பாட்டுடன் சேர்த்துப் பணம் கட்டியவர் அல்லவா!

"அதுக்குன்னு பொது லிஸ்ட் ஒண்ணு இருக்கு. ரெண்டாயிரத்து நாற்பத்தெட்டு இங்கிலீஷ் வார்த்தை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். பன்னெண்டு வார்த்தையை வரிசை மாறாம போட்டா சாவி ரெடி! உன் போன்ல லிஸ்டை எடு. நீ படி, நான் டைப் பண்றேன்."

கத்தியை இடுப்பில் செருகினார். வலது கையில் செல்போன். இடது கையில் வாக்கி டாக்கி.

"ஒண்ணாவது... டாங்கி," என்றாள் ஜூடி.

"டாங்கி. ஓகே, ஓவர்!"

ஜூடிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

யார்டில் ஒருவர் எண்ணைப் படித்தால், இன்னொருவர் வாக்கி டாக்கியின் பட்டனை அழுத்தி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பு வராமல் இருக்க. பதினெட்டு வருடப் பழக்கம்... டென்னிஸின் கட்டைவிரல் தானாக பட்டனை அழுத்திக் கொண்டிருந்தது!

சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் குனிந்து பார்த்தால்... அவ்வளவுதான்!

ஜூடி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. படித்தாள். குரல் உடையாமல்... மூச்சு வாங்காமல்...

"ஏழாவது... ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு... ஜூ."

"ஜூ. ஓகே, ஓவர்!"

பன்னிரண்டும் முடிந்தன. வாலட் திறந்தது!

டென்னிஸின் முகம் மலர்ந்தது... வாடியது... கறுத்தது.

"ஜீரோ...? பேலன்ஸ் ஜீரோவா? தப்பாப் படிச்சியாடி?"

"மாதா மேல சத்தியமா இல்ல சார்! தப்பா இருந்தா தொறந்திருக்குமா?"

"அப்போ பணம் எங்கே?"

பட்டனை விட்டுக் கத்தியை உருவினார். ஜூடி கண்களை இறுக்கி மூடிக் கொண்டாள்.

"கொர்ர்ர்... டென்னிஸ் சார்... காலித் பேசறேன்!"

பெட்டி தூக்கும் வண்டியின் டிரைவர்.

"பன்னெண்டு வார்த்தையும் ஷோக்கா கேட்டுச்சு. யார்டே கேட்டுகினு கீது. ஒம்போது கோடியையும் நம்ம வாலட்டுக்கு மாத்திக்கினேன். ஓவர்!"

டென்னிஸ் தன் இடது கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ போல.

"காலித்... தம்பி... பாதிப் பாதி!"

"அக்கா மேல ஒரு கீறல் வுழுந்தா நயா பைசா கெடையாது நைனா! கத்தியைப் போட்டுட்டு அக்காவை வெளியே அனுப்பு. அப்பால பேசிக்கலாம். ஓவர்!"

கத்தி தரையில் விழுந்த சத்தம் கேட்டதும் ஜூடி ஓடினாள். காலித்தின் வண்டி உறுமிக் கொண்டு வந்து கதவை முட்டி நின்றது.

உள்ளே டென்னிஸ், சாம்ராட்டோடு தனியாக!

வாக்கி டாக்கியில் பேரம் நடந்தது. "அறுபது உனக்கு..." "எழுபது..." போலீஸ் வந்தபோது டென்னிஸ் தொண்ணூற்றைந்தில் இருந்தார்.

டென்னிஸுக்கு விலங்கு மாட்டிய இன்ஸ்பெக்டர் பவானி, காலித் பக்கம் திரும்பினாள்.

"ஒன்பது கோடியை எடு."

"எங்கேர்ந்து மேடம்?" காலித் தன் போனை நீட்டினான். ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன். "அவரு ஜீரோன்னு கத்தினாரு. ஒரு உதாரு வுட்டேன்!"

பவானி, டென்னிஸின் போனைத் துழாவினாள். சிரித்து விட்டாள்.

"எடுத்ததும் இல்லை, போட்டதும் இல்லை. இந்த வாலட்டுக்கு ஒரு பைசா வந்ததா பதிவே கிடையாது! வகுப்புல காட்டறதுக்காகத் திறந்து வெச்சது போல..."

டென்னிஸ் ஜீப்பின் படியிலேயே உட்கார்ந்து விட்டார்.

ஜூடி தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

"காலிப் பெட்டிக்கு நாங்க ஒரு பூட்டுகூடப் போட மாட்டோம் மேடம்... சாம்ராட்டு பன்னெண்டு போட்டுக்கீறாரு!"